எதிர்த்தெரு மெதடிஸ்ட் சர்ச்சை நம்பி என் குழந்தையை அனுப்பலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அமெரிக்கா வந்து எட்டு மாதம் ஆகிறது, எதிர்த்தெருவில் ஒரு மெதடிஸ்ட் சர்ச் இருக்கிறது, அங்கே நடக்கும் ப்ரீஸ்கூலில் நாலு வயது மகளைச் சேர்க்கலாமா, ஜூன் மாதம் ஒரு வாரம் நடக்கும் வி.பி.எஸ்ஸுக்கு (விடுமுறை வேதாகமப் பள்ளி) அனுப்பலாமா, இந்துக் குடும்பமான நாங்கள் ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும், அவர்கள் கொடுத்த பிரசுரத்தில் பன்னிரண்டு பேர் படம் இருக்கிறதே அதில் யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், உங்கள் கணவர் "மதம் மாற்றிவிடுவார்கள்" என்று தயங்குகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேள்வி நாலைந்தாகத் தெரிந்தாலும் நீங்கள் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: முன்பின் தெரியாத இந்த மனிதர்களை நம்பி என் குழந்தையை விட்டுவிட்டு வரலாமா? அந்தக் கேள்வியை மனதில் வைத்தே எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் பாஸ்டர் அல்ல, சபையார். தாராபுரம் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். 21 வருடமாக இங்கே தென் மாநிலம் ஒன்றில் ஒரு யுனைடெட் மெதடிஸ்ட் சபையில் இருக்கிறேன். அதில் 11 வருடம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி எடுத்தேன், மூன்று வருடம் ஊழியர் கமிட்டிக்குத் தலைவியாக இருந்தேன். அதனால் சபையின் சட்டம் என்று நான் சொல்வதை நீங்கள் உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். வழக்கம் என்று சொல்வது எங்கள் பக்கத்தில் நான் பழகிய நாலைந்து சபைகளை வைத்து. அது ஊருக்கு ஊர் மாறும். ப்ரீஸ்கூல் உரிமம் பற்றிய அரசாங்கச் சட்டமோ மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அதை உங்கள் மாநில அலுவலகத்தில் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் அந்த சர்ச்சின் போர்டைப் பாருங்கள். "மெதடிஸ்ட்" என்ற சொல்லை வைத்து மட்டும் இங்கே எதையும் சொல்ல முடியாது. இங்கிலாந்து போதகர் ஜான் வெஸ்லி தொடங்கிய இயக்கம் 1784 கிறிஸ்துமஸ் சமயம் பால்டிமோரில் கூடிய கூட்டத்தில் அமெரிக்காவில் தனிச் சபையானது. வெள்ளைக்காரச் சபையில் மரியாதை கிடைக்காத கறுப்பின மக்கள், ரிச்சர்ட் ஆலன் தலைமையில் 1816-ல் ஆப்பிரிக்கன் மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபையை அமைத்தார்கள். இன்று ஊருக்கு ஊர் நீங்கள் பார்ப்பதில் பெரும்பாலானவை 1968-ல் இரண்டு சபைகள் இணைந்து உருவான யுனைடெட் மெதடிஸ்ட் சபை. சிலுவையும் அதை ஒட்டி இரட்டைத் தீநாக்கும் போர்டில் இருந்தால் அதுதான். ஆனால் 2019-க்கும் 2023-க்கும் இடையில் 7,600-க்கும் அதிகமான உள்ளூர்ச் சபைகள், அதாவது அமெரிக்காவில் இருந்தவற்றில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, அதிலிருந்து பிரிந்து போயின. ஒருபால் ஈர்ப்புள்ளவர்களின் திருமணத்துக்கும், அவர்களை ஆயர்களாக அபிஷேகம் செய்வதற்கும் இருந்த தடைகள் பற்றிய சண்டை அது. பிரிந்தவர்களில் பலர் 2022-ல் தொடங்கிய குளோபல் மெதடிஸ்ட் சபையில் சேர்ந்தார்கள், சிலர் தனியாக நிற்கிறார்கள். யுனைடெட் சபை 2024-ல் ஷார்லட் நகரில் கூடிய பொது மாநாட்டில் அந்தத் தடைகளை எடுத்துவிட்டது. ஒரே தெருவில் பிறந்து வளர்ந்த சொந்தங்கள் அதில் பிரிந்ததை நேரில் பார்த்தேன். இன்னும் அது எனக்கு ஆறவில்லை. உங்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், கீழே நான் சொல்லும் ஊழியர் நியமனமும் பிள்ளைகள் பாதுகாப்பு விதிகளும் யுனைடெட் சபைக்குரியவை. போர்டில் "யுனைடெட்" இல்லாவிட்டால் அது மோசமான இடம் என்று அர்த்தமில்லை. ஆனால் அங்கே எந்த விதி நடக்கிறது என்று நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, அந்தப் பன்னிரண்டு படங்கள். முதல் படத்தில் இருப்பவர் பாஸ்டர். அது பெண்ணாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், 1956 முதலே இங்கே பெண்களுக்கு ஆயர்களாக முழு உரிமை உண்டு. நம் ஊரில் பலருக்குத் தெரியாத விஷயம், இந்தப் பாஸ்டரைச் சபையார் வேலைக்கு எடுப்பதில்லை. பிஷப் நியமிக்கிறார், அதுவும் ஒரு வருடத்துக்கு. வருடாவருடம் நீட்டிப்பார் அல்லது மாற்றுவார். மாற்றம் பெரும்பாலும் ஜூன் கடைசி, ஜூலை முதல் தேதியில். மூன்றே வருடத்தில் போனவரும் உண்டு, பத்து வருடம் இருந்தவரும் உண்டு. சி.எஸ்.ஐ.யில் ஆயர் மாற்றம் வரும்போது வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றுவார்களே, அதே காட்சிதான். துணைப் பாஸ்டருக்கும் இதே முறை. டீக்கன் என்று ஒருவர் படம் இருந்தால், அவரும் அபிஷேகம் பெற்றவர்தான், ஆனால் சேவைக்கும் போதனைக்கும் என்று அழைக்கப்பட்டவர். ஆராதனையில் பார்த்தால் தெரியும்: எல்டர், அதாவது அபிஷேகம் பெற்ற பாஸ்டர், போட்டிருக்கும் அங்கிப்பட்டை இரண்டு தோளிலிருந்தும் நேராகத் தொங்கும், டீக்கனுடையது நம் ஊர் அங்கவஸ்திரம் போல ஒரு தோளிலிருந்து குறுக்காக வரும்.

மற்ற படங்கள் எல்லாம் அந்த ஊர் சபையே சம்பளம் கொடுத்து வைத்தவர்கள். சிறுவர் ஊழிய இயக்குநர், இளைஞர் இயக்குநர், இசை இயக்குநர், ஆர்கன் வாசிப்பவர், ப்ரீஸ்கூல் இயக்குநர், ஆபீஸ் நிர்வாகி, கணக்கு பார்ப்பவர், கட்டடத்தைக் கவனிப்பவர். பாதிப் பேர் பகுதி நேரம். சிறிய சபையாக இருந்தால் பாஸ்டரும் ஒரு பகுதி நேரச் செயலாளரும் மட்டும்தான், மீதி எல்லாம் தன்னார்வலர்கள். இவர்களுடைய தினசரி வேலையைப் பாஸ்டர் மேற்பார்வை பார்க்கிறார். அவர்களுக்கும் பாஸ்டருக்கும் பின்னால் ஊழியர் உறவுக் கமிட்டி என்று ஒன்று இருக்கிறது. நான் இருந்தது அதில்தான். சபையாரில் ஐந்து முதல் ஒன்பது பேர், மூன்று வருடப் பதவிக்காலம். சம்பளம் வாங்கும் ஊழியரோ, பாஸ்டர் அல்லது ஊழியர் வீட்டு நெருங்கிய சொந்தமோ அதில் இருக்கக் கூடாது. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரும் கூடாது. பாஸ்டர் பற்றிய நிறைகுறையைப் பிஷப்பிடம் கொண்டு போவதும், மற்ற ஊழியர்களை எடுப்பது, மதிப்பிடுவது, தேவைப்பட்டால் அனுப்பிவிடுவது பற்றிப் பேசி முடிவுக்குக் கொண்டுவருவதும் இந்தக் கமிட்டியின் வேலை. பாஸ்டரின் சம்பளத்தைக் கூட வருடம் ஒருமுறை கூடும் சார்ஜ் கான்ஃபரன்ஸில் சபையார் முன்னால்தான் ஓட்டுக்கு விடுகிறார்கள். யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டீர்களே, பாஸ்டர் மேலே டிஸ்ட்ரிக்ட் சூப்பரின்டென்டென்டுக்கும் (பிஷப்புக்குக் கீழே ஒரு வட்டாரச் சபைகளைக் கவனிப்பவர்) பிஷப்புக்கும், கீழே இந்தக் கமிட்டிக்கும். தனி ராஜ்ஜியம் யாருக்கும் கிடையாது. நடைமுறையில் ஏமாற்றம் வராதென்று இல்லை. ஆனால் புகார் சொல்ல ஒரு கதவு இருக்கிறது, அந்தக் கதவு எங்கே என்று கேட்டால் சொல்லவும் வேண்டும்.

இதனால்தான் புதிதாக வரும் குடும்பங்களிடம் நான் எப்போதும் சொல்வது: பாஸ்டரின் பிரசங்கத்தைக் கேட்டு ஒரு சபையை முடிவு செய்யாதீர்கள். பாஸ்டர் வருவார், போவார். சிறுவர் வகுப்பின் வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். சபை எப்படிப்பட்டது என்று அங்கே தெரிந்துவிடும்.

எங்கள் சபையில் நடந்ததைச் சொல்கிறேன். சிறுவர் ஊழிய இயக்குநர் எட்டு வருடமாக இருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் வகுப்பு வாசலில் சின்ன மேசை போட்டு, ஒரு லேபிள் மெஷின் வைத்திருப்பார். பிள்ளையின் பெயர், ஒவ்வாமை என்ன, நாலு இலக்க எண். ஒரு ஸ்டிக்கர் பிள்ளையின் முதுகில், அதே எண் உள்ள மற்றொன்று அம்மா அல்லது அப்பா கையில். முன்பக்கம் ஒட்டினால் பிள்ளை உரித்துவிடும், அதனால் முதுகில். திரும்ப அழைத்துப் போகும்போது எண் பொருந்தாவிட்டால் பிள்ளையைத் தரமாட்டார், தாத்தா பாட்டியாக இருந்தாலும். புதிதாக வந்த பாஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. "புதிதாக வருகிறவர்களை ஏர்போர்ட் மாதிரி நிறுத்துகிறோம்" என்றார். கமிட்டி கூடி இரண்டு மணி நேரம் பேசினோம். அவர் சொன்னதிலும் அக்கறை இருந்தது, யாரும் வாசலிலேயே அந்நியமாக உணரக் கூடாது என்ற அக்கறை. ஆனால் விதியைத் தளர்த்த ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் முதல் அந்தப் பாஸ்டரே ஆராதனைக்கு இருபது நிமிடம் முன்னால் மேசைக்குப் பக்கத்தில் நின்று, புதியவர்களிடம் "இது ஏன் என்றால்" என்று தானே விளக்கிச் சொல்ல ஆரம்பித்தார். நாலு வருடத்தில் அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். மேசை இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இந்த விதிகளுக்கு "சேஃப் சாங்சுவரிஸ்" என்று பெயர். 1996-ல் பொது மாநாடு எடுத்த தீர்மானத்திலிருந்து வளர்ந்தது. உங்கள் சர்ச்சில் போய் "உங்களுடைய சேஃப் சாங்சுவரிஸ் பாலிசியைக் காட்ட முடியுமா" என்று இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். முகம் சுளிக்காமல் ஒரு தாளை எடுத்துக் கொடுத்தால் நல்ல சகுனம். பெரும்பாலும் அதில் இருப்பவை: எந்த அறையிலும் ஒரே ஒரு பெரியவர் மட்டும் பிள்ளைகளோடு இருக்கக் கூடாது, அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது, கதவில் கண்ணாடி இருக்க வேண்டும் அல்லது கதவு திறந்திருக்க வேண்டும், தன்னார்வலராக இருந்தாலும் குற்றப் பின்னணி சோதனை செய்திருக்க வேண்டும், புதிதாக வந்தவரை உடனே பிள்ளைகளோடு விடக் கூடாது, பதின்வயதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் அவர்களைவிடக் குறைந்தது ஐந்து வயது மூத்தவராக இருக்க வேண்டும். தாளில் இருப்பது வேறு, நடப்பது வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆள் பற்றாக்குறையில் இரண்டாவது ஆள் வராத ஞாயிறுகள் எல்லா சபையிலும் வரும். அப்போது என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "இரண்டு வகுப்பைச் சேர்த்துவிடுவோம்" என்பது சரியான பதில். "எல்லாரும் தெரிந்தவர்கள்தான்" என்பது சரியான பதில் இல்லை.

ப்ரீஸ்கூலுக்கு வருவோம். சர்ச் கட்டடத்திலேயே நடந்தாலும் அது பெரும்பாலும் தனி இயக்குநர், தனிக் கணக்கு, தனி நிர்வாகக் குழு என்று சபைக்குக் கீழே இயங்கும். வாரத்தில் இரண்டு, மூன்று அல்லது ஐந்து நாள், காலை ஒன்பது மணி முதல் மதியம் வரை. வேலைக்குப் போகும் தாய்க்கு அந்த நேரம் போதாது, அதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். ஆசிரியைகள் மெதடிஸ்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பிள்ளைகளும் அப்படித்தான். எங்கள் ப்ரீஸ்கூலில் ஒரு வருடம் நாலு வயது வகுப்பில் இரண்டு தெலுங்குக் குடும்பம், ஒரு பாகிஸ்தானியக் குடும்பம், ஒரு யூதக் குடும்பம் இருந்தது. வாரம் ஒரு நாள் கால் மணி நேரம் சேப்பல் இருக்கும்: ஒரு பாட்டு, ஒரு பைபிள் கதை, ஒரு சின்ன ஜெபம். சாப்பிடும் முன்பும் ஜெபம் உண்டு. அதில் கலந்துகொள்ளாமல் இருக்க முடியுமா என்பது இயக்குநரைப் பொறுத்தது. என் அனுபவத்தில் கேட்டால் மரியாதையாகப் பேசுவார்கள், ஆனால் அந்த நேரத்தில் உங்கள் பிள்ளைக்கென்று தனி ஆள் வைக்க முடியாது என்பார்கள். இன்னொன்று, சில மாநிலங்களில் சர்ச் நடத்தும் ப்ரீஸ்கூல்களுக்கு அரசாங்க உரிமத்திலிருந்து முழு விலக்கோ பாதி விலக்கோ உண்டு. விலக்கு வாங்கியிருப்பது தவறு அல்ல, ஆனால் அப்படியென்றால் அரசாங்கத்திலிருந்து வந்து யார் எதைச் சோதிக்கிறார்கள் என்று தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். ஓர் ஆசிரியைக்கு எத்தனை பிள்ளை, முதலுதவிப் பயிற்சி யாருக்கு உண்டு, இதே அறையை ஞாயிற்றுக்கிழமை வேறு யார் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் கேளுங்கள். ஸ்கவுட் என்ற சாரணர் குழுக்களும் சில நேரம் அதே கட்டடத்தில் கூடும். அவர்கள் வேறு அமைப்பு.

வி.பி.எஸ். பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். அது கிறிஸ்தவப் பிள்ளைகள் நிகழ்ச்சி, பெயரிலேயே வேதாகமம் இருக்கிறது. ஒரு வாரம், பெரும்பாலும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, அல்லது சாயங்காலம். அட்டைப்பெட்டியில் கடலோ காடோ விண்வெளியோ கட்டி வைத்து, அதற்குள் கதை, பாட்டு, கைவேலை, விளையாட்டு, தின்பண்டம் என்று பிள்ளைகளைக் குழு குழுவாகச் சுற்றி அனுப்புவார்கள். இலவசம் அல்லது சிறு கட்டணம். உங்கள் மகள் இயேசுவைப் பற்றிய பாட்டுகளை அபிநயத்தோடு வீட்டில் ஒரு மாதம் பாடுவாள், இதில் சந்தேகமே இல்லை. அது உங்கள் வீட்டில் சங்கடம் என்றால் அனுப்பாதீர்கள், பரவாயில்லை. சங்கடம் இல்லையென்றால் பிள்ளைக்கு அது சந்தோஷமான வாரம்.

மதமாற்றம் பற்றி வீட்டுக்காரர் கேட்டதற்கு இப்போது பதில். உறுதியாகச் சொல்லக்கூடியது: மெதடிஸ்ட் முறையில் ஞானஸ்நானம் என்பது ஆராதனை நடுவில், சபையார் முன்னால், பெற்றோரோ பொறுப்பேற்பவரோ உறுதிமொழி சொல்ல, அதற்குச் சபை முழுவதும் எழுந்து பதில் உறுதிமொழி சொல்லி நடக்கும் சடங்கு. உங்களுக்குத் தெரியாமல் உங்கள் குழந்தைக்கு நடந்துவிடக் கூடிய ஒன்று அல்ல. வருகிறவர்கள் உறுப்பினராக வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. உறுப்பினராகாமலே இருபது வருடம் வருபவர்கள் எங்களிடம் உண்டு. அந்த அளவு உறுதியாகச் சொல்ல முடியாதது: தனி மனிதர்களின் வாய். ஆர்வக்கோளாறில் ஒரு தன்னார்வலர் உங்கள் மகளிடம் "வீட்டில் சாமி படம் வைக்கக் கூடாது" என்று சொல்லிவிடலாம். என் வகுப்பில் துணைக்கு வந்த ஒருவர் ஒருமுறை கிட்டத்தட்ட அப்படிப் பேசினார். அந்தப் பிள்ளையின் அம்மா அடுத்த நாளே இயக்குநரிடம் சொன்னார். அவர் அந்தத் தன்னார்வலரைக் கூப்பிட்டுப் பேசினார், நானும் அந்தத் தாயைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பிள்ளை தொடர்ந்து வந்தது. அப்படி ஏதாவது நடந்தால் மனதில் வைத்துக்கொண்டு நிற்பாட்டிவிடாதீர்கள், சொல்லுங்கள். சொல்வதற்கு ஆள் உண்டு என்றுதான் மேலே அவ்வளவு நீளமாக எழுதினேன்.

ஞாயிறு ஆராதனைக்கு வாருங்கள் என்றால் என்ன எதிர்பார்க்கலாம்? பல சபைகளில் காலையில் இரண்டு ஆராதனை, நடுவில் ஞாயிறு பள்ளி. ஒன்று பழைய முறை: ஆர்கன், அங்கி போட்ட பாடகர் குழு, பாட்டுப் புத்தகம். இன்னொன்று கிட்டார், டிரம்ஸ், திரையில் பாட்டு. முதல்முறை போகிறவர்களுக்கு நான் பழைய முறையைத்தான் சொல்வேன், காரணம் பிள்ளைகளுக்குப் பார்க்க நிறைய இருக்கும். தொடக்கத்தில் எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் இருவர் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, நீளமான பித்தளைக் கோலின் நுனியில் சுடரோடு நடுவழியில் மெதுவாக நடந்துவந்து பலிபீடத்து மெழுகுவர்த்திகளை ஏற்றுவார்கள். சுடர் அணைந்துவிடக் கூடாதே என்று கோலின் நுனியையே பார்த்துக்கொண்டு நடக்கும் அந்த முகங்களை நான் 21 வருடமாகப் பார்க்கிறேன், அலுக்கவில்லை. கடைசியில் அதே சுடரை வெளியே எடுத்துப் போவார்கள், வெளிச்சம் நம்மோடு தெருவுக்கு வருகிறது என்று பொருள். நடுவில் பாஸ்டர் சின்னப் பிள்ளைகளை முன்னால் கூப்பிட்டுப் படியில் உட்காரவைத்து ஐந்து நிமிடம் பேசுவார். உங்கள் மகள் போக வேண்டும் என்பதில்லை, ஆனால் போக ஆசைப்படுவாள். பிறகு சபையாரின் ஜெபக் குறிப்புகள், வேத வாசிப்பு, பிரசங்கம், காணிக்கை, ஆசீர்வாதம். மொத்தம் ஒரு மணி நேரம். தாளில் தடித்த எழுத்தில் இருப்பதை எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள், நீங்கள் மௌனமாக இருக்கலாம். எழுந்து நிற்கும்போது நிற்பது மரியாதைக்கு, அவ்வளவுதான்.

பெஞ்சின் ஓரத்தில் ஒரு சிறிய பதிவுப் புத்தகம் கைமாறி வரும். பெயர் மட்டும் எழுதினால் போதும். போன் நம்பர் எழுதினால் அந்த வாரமே யாராவது கூப்பிடுவார்கள், அது வேண்டாம் என்றால் எழுதாதீர்கள். காணிக்கைத் தட்டு வரும்போது பக்கத்தில் தள்ளிவிடுங்கள், புதியவர்களிடம் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். அக்டோபர், நவம்பரில் போனால் அடுத்த வருடத்துக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று எழுதிக் கேட்கும் அட்டைகள் நிறைய கண்ணில் படும். அது உறுப்பினர்களுக்கு.

பல சபைகளில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அதாவது இயேசுவின் கடைசி விருந்தை நினைத்து அப்பமும் கிண்ணமும் பகிரும் சடங்கு. நம் ஊரில் திடப்படுத்தல் (விசுவாசத்தைத் தானே உறுதிப்படுத்தும் சடங்கு) வாங்காமல் போக முடியாதே, இங்கே அப்படி இல்லை. மேசை எல்லாருக்கும் திறந்தது, குழந்தைகளுக்கும் கொடுப்பார்கள். நீங்கள் போகத்தான் வேண்டும் என்று யாரும் இழுக்க மாட்டார்கள், உட்கார்ந்தே இருக்கலாம். கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு போனால் அப்பத்துக்குப் பதில் ஆசீர்வாதம் சொல்லி அனுப்புவார்கள். ஆனால் நாலு வயதுப் பிள்ளை கூட்டத்தோடு போய்க் கையை நீட்டினால் அப்பம் கையில் வந்துவிடும். வேண்டாம் என்றால் அன்று மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் இருப்பது மது அல்ல, திராட்சைச் சாறு. 1869-ல் நியூஜெர்சியின் வைன்லண்டில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் டாக்டர், திருவிருந்தில் மது வேண்டாம் என்றுதான் திராட்சைச் சாற்றைப் புளிக்காமல் காக்கும் வழியைக் கண்டார். கடையில் நீங்கள் வாங்கும் வெல்ச்ஸ் பாட்டில் அந்தக் குடும்பத்தின் பெயர்தான்.

குடும்ப நிகழ்ச்சிகள் என்று பிரசுரத்தில் இருக்கும் மற்றவை: புதன்கிழமை இரவுச் சாப்பாடு, அதைத் தொடர்ந்து பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு, பெரியவர்களுக்குச் சிறு குழு, அக்டோபர் கடைசியில் கார் டிக்கியை அலங்கரித்து மிட்டாய் கொடுக்கும் மாலை, கிறிஸ்துமஸ் ஈவ் மெழுகுவர்த்தி ஆராதனை, லெந்து என்ற தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய் பான்கேக் விருந்து. மூன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு சபை முன்னால் பெயர் எழுதிய பைபிள் கொடுப்பதும் பல இடங்களில் உண்டு. இதில் சிறு குழு என்பது மெதடிஸ்ட்களின் உயிர்நாடி. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கட்டட கடனை அடைக்க, சபையாரைப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கத் தலைவர்களை வைத்தார்கள். வசூலுக்கு வீடு வீடாகப் போனவர்கள், யார் வீட்டில் நோய், யார் வீட்டில் சண்டை, யாருக்கு வேலை இல்லை என்று தெரிந்துகொண்டு வந்து சொன்னார்கள். கடன் விஷயம் பின்னால் போய், ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்ளும் கூட்டம் நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் தனியாக இருக்கும் குடும்பங்களுக்கு இந்தச் சபைகள் தரும் பெரிய உதவி அதுதான் என்பது என் அனுபவம். எனக்கு இரண்டாவது பிரசவம் ஆனபோது என் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. குழுவில் இருந்தவர்கள் முறை வைத்து மூன்று வாரம் சாப்பாடு கொண்டுவந்தார்கள்.

இவர்கள் நமக்கு முற்றிலும் அந்நியர்களும் இல்லை. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த ஜேம்ஸ் லிஞ்ச் யாழ்ப்பாணத்திலிருந்து 1817-ல் சென்னைக்கு வந்தார். அந்த இங்கிலாந்து மெதடிஸ்ட் கிளைதான் 1947 செப்டம்பர் 27-ல் மற்றவர்களோடு சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனது. என் பாட்டி கடைசிவரை எங்கள் கோயிலை "வெஸ்லியன் கோயில்" என்றே சொன்னார். அமெரிக்கக் கிளையிலிருந்து வந்தவர்களில் எனக்குப் பிடித்தவர்கள் இரண்டு பெண்கள்: 1869-ல் பாஸ்டனில் சில மெதடிஸ்ட் பெண்கள் கூடித் தொடங்கிய சங்கம் முதலில் அனுப்பியது ஆசிரியை இசபெல்லா தோபர்னையும் டாக்டர் கிளாரா ஸ்வெய்னையும். ஒருவர் லக்னோவில் பெண்களுக்குக் கல்லூரி வளர்த்தார், மற்றவர் பரேலியில் பெண்களுக்கு மருத்துவம் பார்த்தார். உங்கள் எதிர்த்தெரு சர்ச்சில் பெண்கள் குழு இருந்தால் அது அந்தச் சங்கத்தின் வழியில் வந்ததாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள், வயதான அம்மாக்கள் இந்தக் கதையை நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன்: ஒரு வேலைநாள் காலையில், முன்கூட்டி போன் செய்துவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு ப்ரீஸ்கூலைப் பார்க்கப் போவேன். பாலிசித் தாளைக் கேட்பேன். பிறகு ஒரு புதன்கிழமை வீட்டுக்காரரோடு இரவுச் சாப்பாட்டுக்குப் போவேன். அங்கே பிரசங்கம் இருக்காது, மேசைக்கு எட்டு பேர் உட்கார்ந்து பேசுவார்கள், யார் எப்படி என்று தெரியும். நீங்கள் சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் ஒன்று: தென் மாநிலங்களில் பச்சை பீன்ஸைக் கூட பன்றி இறைச்சித் துண்டு போட்டுத்தான் வேகவைப்பார்கள், பார்த்தால் தெரியாது. ஆபீஸுக்கு முதல் நாளே போன் செய்து சொல்லிவிடுங்கள், உங்களுக்குத் தனியாக எடுத்து வைப்பார்கள்.